கேளுங்கள், சொல்கிறோம்: கொலோசியம் வாசல் வரை

ரோம் போகிறவர்கள் திடீரென்று கூடிவிட்டார்கள் போலிருக்கிறது, இந்தத் தடவை வந்த கேள்விகளில் அங்கே இருக்கிற பழங்கால அரங்கமான கொலோசியம்தான் முன்னால் நிற்கிறது. "எப்படிப் போவது?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறீர்கள். போவது சுலபம், மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே நிற்கிறது. சிக்கலெல்லாம் எத்தனை மணிக்குப் போய் நிற்கிறீர்கள், கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான். அதனால் வழி கேட்டவர்களுக்கும் கடிகாரத்தைப் பற்றியே நிறையச் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் போட்டிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். அவருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மெட்ரோவா, பஸ்ஸா, டாக்சியா? கணவர் "நடந்தே போயிடலாம்" என்கிறார்.

கணவர் சொல்வதில் தப்பில்லை. டெர்மினியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான், காவூர் சாலையைப் பிடித்தால் போகும்போது இறக்கம். ஆனால் திரும்பும்போது அதே இறக்கம் ஏற்றமாகிவிடும், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் கல்லிலும் படியிலும் ஏறி இறங்கிய காலோடு. மாமியாரை அதற்கு இழுக்காதீர்கள்.

மெட்ரோ என்றால் பி லைன். லாவுரெந்தீனா என்று போட்டிருக்கும் ரயிலில் ஏறுங்கள். முதல் நிறுத்தம் காவூர், இரண்டாவது கொலோசியோ. ரெபிப்பியா என்றோ யோனியோ என்றோ போட்டிருந்தால் அது எதிர்த்திசை. ரயிலுக்குள் இருப்பது சில நிமிடம்தான், ஆனால் டெர்மினியில் பூமிக்கு அடியில் நடக்கிற நடை அதைவிட நீளம், நகரும் படிக்கட்டு அன்றைக்கு ஓடுகிறதா என்பது அவரவர் ராசி. முழங்கால் வலிக்காரருக்கு அதனால் பஸ் தேவலாம். நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய பஸ் சதுக்கத்தில் 75 கிடைக்கும், கொலோசியம் வழியாகப் போகிறது. சாலை வேலைகளால் ரோமில் பஸ் தடம் அடிக்கடி மாறும், ஏறுவதற்கு முன் அன்றைய மேப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டாக்சி என்று யோசித்தால் ஒரு விஷயம், நீங்கள் ஐந்து பேர். சாதாரண டாக்சியில் நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், பெரிய வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கணவரையும் பிள்ளைகளையும் அவர் ஆசைப்படி நடக்கவிட்டு, மாமியாரோடு வெள்ளை டாக்சியில் ஏறிப் போய்விடுவேன். தூரம் குறைவு, மீட்டரும் பெரிதாக ஓடாது. டாக்சி நிற்கும் இடத்தில் வரிசையில் நின்று ஏறுங்கள். நிலையத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று காதோரம் சொல்கிறவர்களோடு போக வேண்டாம்.

உள்ளே மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள். ஆனால் சுற்றிலும் தெருவெல்லாம் கறுப்புக் கல் பாவியது, கல்லுக்குக் கல் இடுக்கு, மழை பெய்தால் வழுக்கும். மாமியாருக்குச் செருப்பு வேண்டாம், அடிப்பாகம் தடித்த ஷூ வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கிடையாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும். இலவசம்தானே என்று விட்டுவிடாமல் அவர்கள் பெயரிலும் டிக்கெட் பதிவு செய்துவிடுங்கள், பூஜ்ய யூரோ டிக்கெட்டும் டிக்கெட்தான்.

கேள்வி: மெட்ரோவுக்கு எந்த டிக்கெட் வாங்குவது? வங்கி கார்டையே தட்டலாம் என்கிறார்களே, ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்டலாமா?

தட்டலாம், ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு. சாதாரண டிக்கெட் 1.50 யூரோ, முதல் தடவை பயன்படுத்தியதிலிருந்து 100 நிமிடம் செல்லும். அந்த 100 நிமிடத்துக்குள் பஸ் எத்தனை வேண்டுமானாலும் மாறலாம், மெட்ரோவில் மட்டும் ஒரே பயணம். வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போனால் இன்னொரு டிக்கெட். ஏ லைனிலிருந்து பி லைனுக்கு உள்ளேயே மாறுவது ஒரே பயணம்தான், பயப்பட வேண்டாம்.

போனில் தட்டினால் கடைசிவரை அதே போன். காலையில் போன், மதியம் கார்டு என்று மாற்றினால் இயந்திரம் உங்களை இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்ளும், 100 நிமிடக் கணக்கும் கார்டுக்கு ஒன்றாக ஓடும். பஸ்ஸில் காகித டிக்கெட் வைத்திருந்தால் உள்ளே ஏறியதும் இயந்திரத்தில் விட்டு முத்திரை வாங்குங்கள். டிக்கெட் கையில் இருக்கிறதே என்று சும்மா உட்கார்ந்தால் பரிசோதகர் வரும்போது அபராதம் 50 யூரோவைத் தாண்டும். "நான் டூரிஸ்ட், தெரியாது" என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

கேள்வி: அதிகாரப்பூர்வ தளத்தில் நாங்கள் போகும் வாரம் முழுக்க டிக்கெட் காலி. மற்ற தளங்களில் மூன்று மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. இது என்ன நியாயம்? வாசலில் போய் வாங்க முடியாதா?

நியாயம் இல்லைதான். 2025 ஏப்ரலில் இத்தாலியின் வணிகப் போட்டி ஆணையம் இதே விஷயத்துக்காக, அப்போது டிக்கெட் விற்பனையைக் கையில் வைத்திருந்த அமைப்புக்கும் சில பயண நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 20 மில்லியன் யூரோ அபராதம் போட்டது. நிறுவனங்கள் தானியங்கி மென்பொருளை வைத்து டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளி, வழிகாட்டி, ஹோட்டல் பிக்கப் என்று எதையாவது ஒட்டி விலையை ஏற்றி விற்றதாகக் குற்றச்சாட்டு. சாதாரண ஆள் கணினி முன்னால் உட்கார்ந்து பெயரைத் தட்டி முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் 2023 அக்டோபரிலிருந்து டிக்கெட்டில் பெயர் போடுகிறார்கள். டிக்கெட் 30 நாளுக்கு முன்னால் திறக்கும். நீங்கள் போகிற நாள் 20ஆம் தேதி என்றால் அதற்கு 30 நாள் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள், "இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அப்புறம் பார்க்கலாம்" என்பது இங்கே செல்லாது. அடிப்படை டிக்கெட் 18 யூரோ, அதில் கொலோசியம், எதிரே இருக்கிற ரோமன் ஃபோரம் என்ற பழைய பொது மன்றத்தின் இடிபாடுகள், அதை ஒட்டிய பாலட்டைன் குன்று மூன்றும் அடக்கம். அரங்கின் நடுத்தளத்திலோ பாதாள அறைகளிலோ நிற்க வேண்டுமானால் 24 யூரோ டிக்கெட், பாதாளம் சேர்ந்தது முதலில் தீரும்.

என் அபிப்பிராயம், விமானம் பிடிக்கும் முன்பே கொலோசியம் தேதியை முடிவு செய்துகொண்டு ரோமின் மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் மூன்று மடங்கு கொடுக்கிறார்கள். உங்களைப்போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கூடுதல் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வெறும் "வரிசையைத் தாண்டும்" டிக்கெட்டுக்குக் கொடுக்காமல் உண்மையான வழிகாட்டி கூட வரும் சுற்றுலாவுக்குக் கொடுங்கள், செலவழித்த காசுக்கு ஒரு கதையாவது மிஞ்சும். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாராலும் தாண்ட முடியாது, டிக்கெட் இருந்தாலும் அதில் நின்றே ஆக வேண்டும்.

வாசலில் வாங்கும் கவுண்டர் உண்டு. ஆனால் மீதி இருந்தால்தான் கிடைக்கும், சீசனில் அதை நம்பிக் கிளம்ப மாட்டேன். ஒன்றுமே கிடைக்காவிட்டால் கொலோசியம் சேராமல் ஃபோரமும் பாலட்டைனும் மட்டும் பார்க்கிற டிக்கெட் ஒன்று இருக்கிறது. பாலட்டைன் குன்றின் மேலிருந்து கொலோசியம் நன்றாகத் தெரியும். அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

கேள்வி: டிக்கெட் பதிவில் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வருகிறது. எங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. என்ன போடுவது?

நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. முதல் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இரண்டாவது கட்டத்திலும் அதையே போடலாம். வாசலில் நிற்பவர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அதே பெயர் கண்ணில் பட்டால் போதும். அப்பா பெயரைப் புதிதாகச் சேர்ப்பது, இனிஷியலை முன்னால் போடுவது, செல்லப் பெயரைப் போடுவது எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் வந்தால் அங்கே நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும், பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள்.

அசல் பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள். போனில் இருக்கிற படத்தை ஏற்றுக்கொண்டால் அவர்கள் தயவு, ஏற்கவில்லை என்றால் சண்டை போட நமக்குச் சட்டம் இல்லை.

கேள்வி: ஃபியூமிசினோ விமான நிலையத்தில் காலை 7 மணிக்கு இறங்குகிறேன், அடுத்த விமானம் இரவு 8 மணிக்கு. நடுவில் கொலோசியம் பார்த்துவிட்டு வரலாமா?

இந்திய பாஸ்போர்ட் என்றால் முதல் கேள்வி, வெளியே வர ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, இருக்கிறதா? இல்லை என்றால் மீதியைப் படிக்க வேண்டாம். இருக்கிறது என்றால் வரலாம், ஆனால் கணக்கைக் கடைசியிலிருந்து போட வேண்டும்.

இரவு 8 மணி விமானத்துக்கு மாலை 5 மணிக்காவது விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் நகரத்திலிருந்து 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் குடியேற்றச் சோதனை எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில் ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவு முறை தொடங்கிய பிறகு முதல் தடவை வருகிறவர்களிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், அதற்கும் வரிசை. 9 மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மணிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள், பதற்றத்திலேயே பாதி உயிர் போய்விடும். 11:30 எடுங்கள். குடியேற்றம் இழுத்தாலும் தாங்கும், சீக்கிரம் வந்துவிட்டால் உட்கார்ந்து ஒரு காபி.

ரயில் இரண்டு வகை. லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோ, நடுவில் நிற்காமல் 32 நிமிடத்தில் டெர்மினி. எல்லாரும் இதையே சொல்வார்கள். ஆனால் கொலோசியத்துக்கு மட்டும் போகிறவர் இன்னொன்றைப் பாருங்கள். எஃப்.எல்.1 என்ற சாதாரண ரயில், 8 யூரோ, டெர்மினிக்குப் போகாது, ஆனால் ரோமா ஓஸ்தியென்சே நிலையத்தில் நிற்கும். அங்கே இறங்கி உள்ளேயே நடந்தால் பிராமிதே மெட்ரோ நிலையம், அதே பி லைன். ரெபிப்பியா அல்லது யோனியோ ரயிலில் ஏறினால் சிர்க்கோ மாசிமோ, அடுத்தது கொலோசியோ. காசும் குறைவு, டெர்மினி நெரிசலும் இல்லை.

பெட்டிதான் பிரச்சினை. கொலோசியத்துக்குள் சூட்கேஸுக்கும் பெரிய முதுகுப்பைக்கும் அனுமதி இல்லை, வைத்துவிட்டுப் போக அங்கே அறையும் கிடையாது. பெட்டிகள் நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும் என்றால் ஓஸ்தியென்சே வழியைப் பிடியுங்கள். கையில் பெட்டி இருந்தால் லியோனார்தோவில் டெர்மினி போய், அங்கே பாதுகாப்பறையில் போட்டுவிட்டு மெட்ரோ பிடிப்பது சுலபம். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்று நாலு பேராகப் போனால் டாக்சியையும் விலை பாருங்கள். விமான நிலையத்துக்கும் பழைய நகரச் சுவருக்கு உட்பட்ட பகுதிக்கும் இடையே நகராட்சி ஒரே கட்டணம் நிர்ணயித்திருக்கிறது, வண்டிக்கு அந்தக் கட்டணம், ஆளுக்கு அல்ல, பெட்டியும் அதில் அடக்கம். கொலோசியம் அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறது. ஏறும் முன்பே தொகையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் வத்திக்கான், மதியம் கொலோசியம். நடுவில் எப்படி?

மெட்ரோவில் என்றால் வத்திக்கானுக்குப் பக்கத்து நிலையமான ஒத்தாவியானோவில் ஏ லைன் ஏறி, டெர்மினியில் பி லைனுக்கு மாறி, கொலோசியோ. இதுதான் தப்பாத வழி.

ஆனால் நேரம் இருந்தால் பஸ்ஸில் வெனேசியா சதுக்கம் வரை வந்து, அங்கிருந்து ஃபோரி இம்பெரியாலி சாலையில் நடந்து போகச் சொல்வேன். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, நேர்கோடு, கண்ணெதிரே கொலோசியம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். வலது கையில் ரோமன் ஃபோரம், இடது கையில் ரோமப் பேரரசர் திராயானின் சந்தைக் கட்டடம். 1932இல் முசோலினி தன் ராணுவ அணிவகுப்புக்காக இந்தச் சாலையை பழைய மன்றங்களின் மேலேயே போட்டார், வீடுகளையும் தேவாலயங்களையும் இடித்துத் தள்ளி. அதைத் திட்டிக்கொண்டே நடக்கலாம், நடப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. 2013இலிருந்து கொலோசியத்தை ஒட்டிய பகுதியில் தனியார் கார் விடுவதில்லை. மெட்ரோ சி லைன் வேலைக்காக ஆங்காங்கே தகரத் தடுப்பு நிற்கும், அதைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

சி லைன் என்றதும் ஞாபகம் வருகிறது, 2025 டிசம்பரில் அது கொலோசியம் வரை வந்துவிட்டது. சான் ஜோவான்னி பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இனி டெர்மினி போகிற வேலையே இல்லை, நேராக வரலாம். அந்த நிலையத்தைக் குடைந்தபோது கிடைத்த பழங்காலக் கிணறுகளையும் பொருட்களையும் நிலையத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். டிக்கெட் காசில் ஒரு குட்டி அருங்காட்சியகம், ரயிலை விட்டு இறங்கியதும் ஓடாமல் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கேள்வி: நேப்பிள்ஸிலிருந்து வாடகைக் காரில் வருகிறோம். கொலோசியத்துக்குப் பக்கத்தில் பார்க்கிங் எங்கே?

தேடாதீர்கள். ரோமின் மையப்பகுதிக்குள் அனுமதி இல்லாத கார் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாது, போலீஸ் யாரும் நின்று தடுக்கவும் மாட்டார்கள், கேமரா படம் பிடிக்கும். நீங்கள் ஊருக்கு வந்து போட்டோவெல்லாம் எல்லாருக்கும் காட்டி முடித்த பிறகு அபராதச் சீட்டு வரும், கூடவே உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்காகக் கார் கம்பெனி தனியாக ஒரு தொகை பிடிக்கும். ஏ லைனின் கடைசி நிலையமான அனாஞ்ஞீனாவிலோ, பி லைனின் லாவுரெந்தீனாவிலோ வண்டியைப் போட்டுவிட்டு மெட்ரோவில் வாருங்கள். பெட்டியைக் காரில் வெளியே தெரிகிற மாதிரி விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாதத்தின் முதல் ஞாயிறு இலவசமாமே?

ஆமாம், இலவசம்தான். அதனாலேயே அந்த நாளைத் தவிருங்கள். முன்பதிவு கிடையாது, அன்றைக்கே கவுண்டரில் நின்றுதான் இலவச டிக்கெட் வாங்க வேண்டும், ரோம் மக்களும் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். வேறு நாளே இல்லை என்றால் கவுண்டர் திறக்கும் முன்பே போய்விடுங்கள்.

கேள்வி: எந்தத் தேதிகளில் போகக் கூடாது?

டிசம்பர் 25 மூடியிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வெள்ளியன்று இரவு அங்கே சிலுவைப் பாதை வழிபாடு நடக்கும், அந்தப் பகுதியை முன்னதாகவே அடைத்துவிடுவார்கள். ஜூன் 2 குடியரசு தினம், ஃபோரி இம்பெரியாலி சாலையில் ராணுவ அணிவகுப்பு, காலையில் அந்தப் பக்கம் நெருங்கவே முடியாது. மார்ச் மாதம் ரோம் மாரத்தான் ஓடும் ஞாயிறும் அப்படித்தான். மற்றபடி காலை 8:30க்குத் திறக்கிற முதல் நேரமும், சாயங்காலம் கடைசி நேரமும்தான் மூச்சுவிட முடிகிற நேரங்கள். மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், குளிர்காலத்தில் 4:30க்கே அடைப்பார்கள், கடைசி நுழைவு அதற்கு ஒரு மணி நேரம் முன்னால். ஜூலை, ஆகஸ்டில் மதியம் 1 மணி டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், ஏன் கிடைக்கிறது என்று அங்கே போனதும் தெரிந்துவிடும்.

கேள்வி: பிக்பாக்கெட் பயம் அதிகம் என்கிறார்கள். உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மை. ஆனால் கத்தியைக் காட்டிப் பிடுங்குகிற ஆபத்து மாதிரி நினைத்து நடுங்க வேண்டாம், இது கைத்திறமை. டெர்மினிக்கும் கொலோசியோவுக்கும் இடையே ரயில் கதவு மூடப்போகிற நொடியில் நாலு பேர் இடித்துக்கொண்டு ஏறுவார்கள், ஒருவர் உங்கள் முன்னால் திடீரென்று நிற்பார், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவார், அந்த மோதலில் பர்ஸ் போய்விடும், கதவு மூடும் முன் அவர்கள் இறங்கியும் விடுவார்கள். பார்த்தால் நன்றாக உடுத்திய கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். கதவுப் பக்கம் நிற்காமல் உள்ளே தள்ளிப் போய் நில்லுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டுங்கள். பாஸ்போர்ட்டைத்தான் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், அது சட்டைக்கு உள்ளே, உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். டிக்கெட் இயந்திரத்தின் முன்னால் உதவி செய்ய வருகிறவருக்கு ஒரு புன்னகை, ஒரு "வேண்டாம்", அவ்வளவுதான்.

வெளியே இன்னொரு கூட்டம். தலையில் தூரிகை வைத்த ரோமானியப் போர்வீரன் வேஷம் கட்டிக்கொண்டு "வாங்க, ஒரு படம்" என்பார்கள், படம் எடுத்த பிறகுதான் விலை சொல்வார்கள். நகராட்சி தடை போட்டும் திரும்பத் திரும்ப வந்துவிடுகிறார்கள். கையில் கயிறு கட்டவருகிறவர்களும் உண்டு. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடங்கள்.

கேள்வி: உள்ளே போகும் எண்ணம் இல்லை, வெளியிலிருந்தே பார்த்தால் போதும். எங்கே நிற்பது?

உங்களைத்தான் பாராட்ட வேண்டும், இந்தப் பக்கத்தில் இருக்கிற கவலை ஒன்றும் உங்களுக்கு இல்லை. மெட்ரோ நிலையத்தின் மேல் பக்க வாசல் வழியாக வெளியே வாருங்கள், அங்கே லார்கோ கயெத்தானா அன்யேசி என்று ஒரு மேடு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு முழுக் கட்டடத்தையும் நேர்மட்டத்தில் பார்க்கலாம். காலை 7 மணிக்குப் போனால் படம் எடுக்கிற கல்யாண ஜோடிகளைத் தவிர அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் கீழே இறங்கி ஒரு சுற்று நடந்து வாருங்கள். 48 மீட்டர் உயர வெளிச்சுவர் வடக்குப் பக்கம் மட்டும்தான் நிற்கிறது, தெற்குப் பக்கம் 1349 நிலநடுக்கத்தில் விழுந்து, அந்தக் கல் ரோமின் மற்ற கட்டடங்களுக்குப் போய்விட்டது. சுவர் முழுக்க அம்மை வடு போல ஓட்டைகள் தெரியும், குண்டு பாய்ந்ததில்லை, கற்களை இணைத்த இரும்புப் பற்றுகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போன அடையாளம்.

வடக்குப் பக்கத்து வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள், ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும், 23இலிருந்து 54 வரை இன்றும் படிக்க முடிகிறது. மொத்தம் 80 வளைவுகள், அதில் 76க்கு எண். கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் திறந்து வைத்தபோதே எந்த ஆள் எந்த வாசல், எந்த வரிசை என்று அனுமதிச் சீட்டில் இருந்தது, அந்த எண்ணைப் பார்த்து நேராகப் படியேறிவிடுவார்கள். அரை லட்சம் பேரைச் சளைக்காமல் உள்ளே விட்டு வெளியே விட்ட கட்டடம். இன்றைக்கு நாம் அதில் ஓரிரண்டு வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கிழக்குக் கோடிக்குப் போனால் ஒரு செங்கல் முட்டுச்சுவர் இருக்கும், 1807 வாக்கில் ஸ்டெர்ன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. அதில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வளைவின் கற்கள் சரிந்து, நழுவி, விழப்போகிற நிலையில் இருக்கும். அதைச் சரியாக நிமிர்த்தாமல், விழுகிற கோலத்திலேயே செங்கல்லை அடைத்து நிறுத்திவிட்டார். கொலோசியத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான், காசு கொடுத்து உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

கேள்வி: தண்ணீர், கழிவறை?

கண்ணாடி பாட்டில் உள்ளே விட மாட்டார்கள், காலி பிளாஸ்டிக் அல்லது ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். ரோம் தெருக்களில் நசோனே என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், நல்ல குடிநீர், காசு கிடையாது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வரும், குனியாமல் குடிக்கலாம். முதல் தடவை மூக்கில் அடிக்கும். கழிவறை உள்ளே உண்டு, வரிசையும் உண்டு, ஹோட்டலில் முடித்துக்கொண்டு கிளம்புவதே மேல்.

கேள்வி: நாங்கள் போகிற வெள்ளிக்கிழமை போக்குவரத்து வேலைநிறுத்தம் என்று செய்தி. டிக்கெட் 12 மணிக்கு. என்ன செய்ய?

அவர்கள் அதை ஷொப்பெரோ என்பார்கள், வெள்ளிக்கிழமைக்கும் அதற்கும் நெருக்கம் அதிகம். பெரும்பாலும் ரோமில் காலை சேவை தொடங்கியதிலிருந்து 8:30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடியாக வேண்டும் என்று விதி. 12 மணி டிக்கெட்காரர் காலை 8 மணிக்குள் மெட்ரோவில் ஏறிக் கொலோசியோவில் இறங்கிவிடுங்கள். ஃபோரத்துக்குத் தனியாக நேரம் குறிக்கவில்லை என்பதால், உங்கள் டிக்கெட் எப்போதிலிருந்து செல்லும் என்று அதில் பார்த்துவிட்டு, முடிந்தால் அதை முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் கையில் இருக்கிற நேரத்துக்கு மேலே சொன்ன மேடும் முட்டுச்சுவரும் இருக்கின்றன. திரும்புவது மாலை 5க்கு மேல். டாக்சியை நம்பி இருக்க வேண்டாம், பொது வேலைநிறுத்தம் என்றால் அவர்களும் சேர்ந்துகொள்வதுண்டு, ஹோட்டலில் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.